ரொட்டி இல்லாத ஆறு மாதங்கள்: அமெரிக்காவுக்குப் போன ஹியூகெனாட்டுகள்

தென் பிரான்சில் லாங்குடாக் பகுதி. ஜூடித் ஜிதோன் என்ற இளம்பெண்ணின் வீட்டில் அரசரின் சிப்பாய்கள் அழையா விருந்தாளிகளாகத் தங்கியிருந்தார்கள். ஓர் இரவு அவர்கள் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்து, ஜூடித்தும் அவள் தாயும் சகோதரர்களும் தட்டுமுட்டுச் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினார்கள். லியோன், டிஜோன், கொலோன், ஹாலந்து, லண்டன் என்று அலைந்து கடைசியில் கப்பல் ஏறினார்கள். தாய் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனாள். ஒரு சின்னப் பிரசுரத்தைப் படித்துவிட்டு "போனால் கரோலினாதான்" என்று பிடிவாதம் பிடித்த மூத்த அண்ணன், அங்கே போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் காய்ச்சலுக்குப் பலியானான்.

இதெல்லாம் ஜூடித்தே பின்னாளில் ஐரோப்பாவில் இருந்த இன்னொரு சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் ரொட்டியைக் கண்ணால் பார்க்காமல் இருந்ததையும், அடிமையைப் போல மண்ணைக் கொத்திப் பாடுபட்டதையும் அதில் எழுதியிருக்கிறாள். அமெரிக்காவில் குடியேறிய ஹியூகெனாட்டுகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதில் வரும் "அடிமையைப் போல" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஹியூகெனாட்டுகள் என்பவர்கள் பிரான்சின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், அதாவது கால்வினின் வழி வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுக்க கத்தோலிக்கர்களுக்கும் இவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். 1572இல் பாரிசில் புனித பர்த்தலமேயு நாளன்று நடந்த படுகொலை அதன் உச்சம். 1598இல் நான்காம் ஹென்றி நான்ட் சாசனத்தை வெளியிட்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. குறிப்பிட்ட ஊர்களில் வழிபடலாம், அரசு வேலை பார்க்கலாம், சில கோட்டை நகரங்களைத் தங்கள் கையில் வைத்திருக்கலாம் என்று அது சொன்னது. அந்தக் கோட்டைகளில் முக்கியமான துறைமுக நகரம் லா ரோஷெல். 1628இல் முற்றுகையில் பட்டினி கிடந்து அதுவும் விழுந்தது. அரண் போய்விட்டது, சாசனம் மட்டும் காகிதத்தில் மிஞ்சியது.

பதினான்காம் லூயி அதையும் விட்டுவைக்கவில்லை. முதலில் தொழில்களையும் பள்ளிகளையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். 1681இல் புவாத்தூ மாகாணத்தில் ஒரு புது உத்தி பிறந்தது. டிராகூன் எனப்படும் குதிரைப்படைச் சிப்பாய்களை ஹியூகெனாட் வீடுகளில் தங்கவைப்பார்கள். அவர்கள் தின்பார்கள், குடிப்பார்கள், உடைப்பார்கள், அடிப்பார்கள். மதம் மாறிய வீட்டிலிருந்து கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். டிராகூன்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே ஊர் ஊராக மக்கள் மாறினார்கள். "இனி நாட்டில் சீர்திருத்தக்காரர்களே இல்லை, சாசனம் எதற்கு?" என்று காரணம் காட்டி 1685 அக்டோபரில் லூயி அதை ரத்து செய்தார். போதகர்கள் 15 நாளில் வெளியேற வேண்டும். சாதாரண மக்கள் வெளியேறவே கூடாது. பிடிபட்ட ஆண் துடுப்புக் கப்பலில் சங்கிலியில் கட்டப்படுவான், பெண் கன்னியர் மடத்திலோ சிறையிலோ அடைபடுவாள்.

அப்படியும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் 'ரெஃப்யூஜி' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது இவர்களோடுதான். புகலிடம் தேடியவர் என்பது அதன் பொருள். நம்முடைய 'அகதி' என்ற சொல்லோ கதியற்றவர் என்கிறது. முந்தையது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கிறது, பிந்தையது இழந்ததைப் பார்க்கிறது. ஜூடித்துக்கு இரண்டுமே பொருந்தும்.

இந்த இரண்டு லட்சத்தில் அமெரிக்காவுக்கு எத்தனை பேர் போனார்கள்? அதிகம் போனால் இரண்டாயிரம், மூவாயிரம். பெரும்பாலோர் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் பிராண்டன்பர்க்கிலும் தங்கிவிட்டார்கள். எல்லை தாண்டினால் போதும், அரசர் மனம் மாறினால் ஊருக்குத் திரும்பலாம் என்ற நப்பாசை அவர்களுக்கு இருந்தது. கடல் கடந்துவிட்டால் அந்த ஆசையையும் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படியே போவதானாலும் பிரான்சின் சொந்தக் குடியேற்றமான கனடாவுக்குப் போக வழியில்லை. அங்கே கத்தோலிக்கர்களைத்தான் குடியேற்றவேண்டும் என்று 1627இலேயே விதி போட்டிருந்தார்கள். கடின உழைப்பாளிகளையும் கைத்தொழில் தெரிந்தவர்களையும் பிரான்ஸ் தன் கையாலேயே எதிரியான ஆங்கிலேயனுக்குத் தாரைவார்த்த கதை இது.

ஹியூகெனாட்டுகளுக்கு அமெரிக்கக் கரை அதற்கு முன்பே பழக்கமானதுதான். 1562இல் ழான் ரிபோ இன்றைய தென் கரோலினாவில் ஒரு சின்னக் கோட்டை கட்டினார். 1564இல் ஃபுளோரிடாவில் கரோலின் கோட்டை எழுந்தது. அடுத்த வருடமே ஸ்பெயினின் தளபதி மெனெண்டெஸ் வந்து கோட்டையைப் பிடித்தார். புயலில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிச் சரணடைந்தவர்களையும் வெட்டிக் கொன்றார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் மத்தான்சாஸ் என்றுதான் பெயர். ஸ்பானிஷ் மொழியில் 'படுகொலைகள்' என்று அர்த்தம். அப்புறம் 1624இல் டச்சுக்காரர்களின் நியூ நெதர்லாந்துக்கு (பின்னாளைய நியூயார்க் பகுதி) வந்த முதல் குடும்பங்களில் பெரும்பாலோர் வல்லூன்கள், அதாவது இன்றைய பெல்ஜியப் பகுதியின் பிரெஞ்சு பேசும் சீர்திருத்தக்காரர்கள். நியூயார்க்கின் கதையில் டச்சுக்கு முன்னாலேயே பிரெஞ்சுக் குரல் கேட்கிறது.

1680களில் ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தாராள மனசு என்று நாம் இன்று பாராட்டுவதில் பாதி வியாபாரக் கணக்கு. கரோலினாவின் உரிமையாளர்களான பிரபுக்கள் பிரெஞ்சு மொழியில் பிரசுரங்களை அச்சடித்து விநியோகித்தார்கள். ஜூடித்தின் அண்ணனைக் கவர்ந்தது அப்படி ஒன்றுதான். நல்ல மண், இதமான வெயில், மத சுதந்திரம் என்று அவை ஆசை காட்டின. காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை. 1669இல் அந்தப் பிரபுக்களுக்காக எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தில் தத்துவவாதி ஜான் லாக்கின் கையும் உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் தங்கள் விருப்பப்படி ஒரு சபை அமைக்கலாம் என்று அது சொல்கிறது. சுதந்திரன் ஒவ்வொருவனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஹியூகெனாட்டுகளுக்கு இரண்டு பிரிவுமே கைகொடுத்தன.

பிரபுக்களின் கனவு பட்டு, திராட்சை மது, ஆலிவ் எண்ணெய். பிரெஞ்சுக்காரன் வந்தால் இதெல்லாம் தானாக விளையும் என்று நினைத்தார்கள். 1680இல் ரிச்மண்ட் என்ற கப்பலில் 45 ஹியூகெனாட்டுகள் சார்ல்ஸ்டனில் வந்து இறங்கினார்கள். கூடவே பட்டுப்புழு முட்டைகளும் வந்தன. ஆனால் நடுக்கடலிலேயே முட்டைகள் பொரித்துவிட்டன. முசுக்கொட்டை இலைக்கு எங்கே போவது? புழுக்கள் எல்லாம் செத்தன. அதற்குப் பிறகும் பட்டு வளர்க்கும் முயற்சி விட்டு விட்டு நடந்தது, ஆனால் கரோலினாவைப் பணக்காரனாக்கியது பட்டு இல்லை. நெல்லும் அவுரியும், அவற்றை விளைவித்த ஆப்பிரிக்கர்களும்தான்.

1699இல் எடுத்த கணக்கின்படி கரோலினாவில் ஹியூகெனாட்டுகள் மொத்தம் 438 பேர். சார்ல்ஸ்டனில் 195, சாண்டி ஆற்றங்கரையில் 111, கூப்பர் ஆற்றின் கிழக்குக் கிளையில் 101, கூஸ் கிரீக்கில் 31. நம் ஊரில் ஒரு தெருவுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டால் வரும் கூட்டம் அவ்வளவுதான். ஆனால் குடியேற்றமே சின்னது என்பதால் இந்தச் சில நூறு பேரின் ஓட்டு இந்தக் கணக்குக்கு முன்பே ஆங்கிலேயர்களின் கண்ணை உறுத்தியிருந்தது. இவர்கள் அந்நியர்கள், இவர்களின் போதகர் நடத்திவைத்த திருமணம் செல்லாது, அதனால் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடையாது என்று குரல்கள் எழுந்தன. 1697இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் நிம்மதி. இந்தப் பயம் பிறகு அவர்கள் எடுத்த ஒரு பெரிய முடிவுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வடக்கே கதை வேறு மாதிரி. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுப் பக்கம் இருக்கும் நியூ பால்ட்ஸ் ஊரை நிறுவியவர்கள் 1685க்கு முன்பே வந்தவர்கள். பிரான்சின் வடக்கு எல்லைப்பகுதியிலிருந்து கிளம்பி ஜெர்மனியின் பால்ட்ஸ் பகுதியில் சில காலம் இருந்துவிட்டு, இன்றைய கிங்ஸ்டன் ஊருக்கு வந்து டச்சுக்காரர்களோடு வாழ்ந்தார்கள். 1677இல் பன்னிரண்டு பேர் சேர்ந்து எசோபஸ் பழங்குடியினரிடம் கிட்டத்தட்ட 40,000 ஏக்கர் வாங்கினார்கள். விலை: கெண்டிகள், கோடரிகள், சட்டைகள், கம்பளிகள், சிப்பி மணிச் சரங்கள், இரண்டு குதிரைகள் இன்னபிற. தங்களுக்கு முதலில் இடம் கொடுத்த ஜெர்மன் மண்ணின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சொந்த ஊரின் பெயரை வைக்காமல் முதல் புகலிடத்தின் பெயரை வைத்தது எனக்கு எப்போதும் கொஞ்சம் விசேஷமாகப் படும்.

இந்த ஊருக்கு ஒரு தோற்றக் கதையும் உண்டு. 1663இல் எசோபஸ் மக்கள் கிங்ஸ்டன் பகுதியைத் தாக்கி, லூயி துபுவா என்பவரின் மனைவி கேத்ரினையும் வேறு பலரையும் பிடித்துப்போனார்கள். அவளை எரிக்கச் சிதை அடுக்கிய நேரத்தில் அவள் 137ஆம் சங்கீதத்தைப் பாடினாள், பாட்டைக் கேட்டு அவர்கள் மயங்கி நிற்க, கணவன் வந்து மீட்டான், மீட்கப் போன வழியில்தான் இந்த அழகான பள்ளத்தாக்கைக் கண்டான் என்று சொல்வார்கள். சிறைபிடித்தது உண்மை. சிதையும் சங்கீதமும் பின்னால் சேர்ந்த மசாலா என்றுதான் தோன்றுகிறது. "பாபிலோன் ஆறுகளருகே நாங்கள் உட்கார்ந்து அழுதோம்" என்று தொடங்கும் நாடுகடந்தோரின் பாட்டு அது. கதை கட்டியவர் பாட்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நியூ பால்ட்ஸின் கல் வீடுகள் இன்றும் நிற்கின்றன. பன்னிரண்டு பங்காளிகளின் வாரிசுகளே ஊரை வெகுகாலம் நிர்வகித்தார்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து பெண் எடுத்தார்கள். இவ்வளவு இறுக்கமாக இருந்தும் மொழி நிற்கவில்லை. அவர்களின் திருச்சபைப் பதிவேடு பிரெஞ்சில் தொடங்கி, டச்சுக்கு மாறி, ஆங்கிலத்தில் முடிகிறது. சுற்றிலும் டச்சுக்காரர்கள் இருந்ததால் பிரெஞ்சு அகதிகள் முதலில் டச்சுக்காரர்களாகி அப்புறம்தான் ஆங்கிலத்துக்கு வந்தார்கள்.

லா ரோஷெல் பகுதியிலிருந்து வந்தவர்கள் 1689இல் ஜான் பெல் என்ற நிலப்பிரபுவிடம் 6,000 ஏக்கர் வாங்கி நியூ ரோஷெலை அமைத்தார்கள். சபைக்கென்று தனியாக 100 ஏக்கர் கிடைத்தது. பத்திரத்தில் ஒரு வினோதமான நிபந்தனை: பெல்லின் வாரிசுகள் கேட்டால், வருடாவருடம் ஜூன் 24ஆம் தேதி ஒரு கொழுத்த கன்றுக்குட்டியைக் கொடுக்க வேண்டும், அதுவும் என்றென்றைக்கும். மற்ற இடங்களில் இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. ரோட் தீவில் நிலப் பட்டா தகராறில் குடியேற்றம் சிதறியது. மாசசூசெட்ஸின் ஆக்ஸ்ஃபோர்டில் 1696இல் பழங்குடியினர் தாக்கியதில் ஒரு வீட்டில் தந்தையும் மூன்று குழந்தைகளும் இறந்தார்கள். ஊரே காலியானது. இவர்களை எல்லைப்புறத்தில் குடியமர்த்தியது தற்செயல் இல்லை. நடுவில் ஒரு தடுப்பாக இருக்கட்டும் என்ற கணக்குதான்.

வர்ஜீனியாவிலும் அதே கணக்கு. 1697இல் பிரான்சுக்கும் இங்கிலாந்து, ஹாலந்து நாடுகளுக்கும் நடந்த போரை முடித்த ரிஸ்விக் உடன்படிக்கை வந்தபோது, ஊர் திரும்ப லூயி அனுமதிப்பார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். இங்கிலாந்தில் உதவித்தொகையில் காலம் தள்ளியவர்களைக் கப்பலேற்றி அனுப்ப 1700இல் ஏற்பாடு நடந்தது. முதல் கப்பலில் 207 பேர். ஜேம்ஸ் ஆற்றின் அருவிகளுக்கு மேலே, மொனகன் பழங்குடியினர் கைவிட்டுப் போயிருந்த கிராமத்தில் 10,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். அதுதான் மனகின் டவுன். தலைவர்களுக்கும் போதகருக்கும் ஒத்துவராமல் சில வருடங்களிலேயே ஒரு பிரிவு கரோலினாவுக்குக் கிளம்பியது.

சரி, இவர்கள் எங்கே போனார்கள்? இரண்டு தலைமுறை கழித்துத் தேடினால் பிரெஞ்சு சபைகள் அநேகமாக இல்லை. பாஸ்டனின் பிரெஞ்சு சபை 1748இல் மூடப்பட்டது. நியூ ரோஷெலின் சபை 1709இலேயே இங்கிலாந்துத் திருச்சபையோடு சேர்ந்துகொண்டது. கரோலினாவில் 1706இல் வந்த சட்டம் இங்கிலாந்துத் திருச்சபையை அரசு சபையாக்கியது. அதை நிறைவேற்றிய அணிக்கு ஹியூகெனாட்டுகளின் ஆதரவும் இருந்தது. அதே சட்டம் சாண்டி, ஆரஞ்சு குவார்ட்டர் (கூப்பர் ஆற்றின் கிழக்குக் கிளை) பகுதிகளைத் தனித் திருச்சபை வட்டாரங்களாக அறிவித்து, பிரெஞ்சிலேயே வழிபட அனுமதித்தது. போதகருக்குச் சம்பளம் அரசு தரும். கோயில் கட்ட அரசு தரும். திருமணமும் சொத்தும் செல்லாதா என்ற பேச்சே இனி எழாது. அந்நியன் என்ற பட்டத்தைக் கழற்ற இதைவிடச் சுலபமான வழி இருந்திருக்காது.

இதை நேர்மாறான ஒரு கதையோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும். பிரான்சை விட்டு வெளியேறாமல் தங்கிவிட்டவர்கள் தென் பிரான்சின் செவென் மலைகளில் இரவில் கூடி வழிபட்டார்கள். 1702இல் ஆயுதம் ஏந்திப் போராடினார்கள். மரி துரான் என்ற பெண் 1730இல் கைதாகி, மதம் மாற மறுத்து, கான்ஸ்தான்ஸ் கோபுரத்தில் 38 வருடம் இருந்தாள். அங்கே கல்லில் 'எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒரு சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. 1787இல் சலுகைச் சாசனம் வரும்வரை அந்தச் சபை உயிரோடு இருந்தது. டிராகூன்களால் முடியாததை கரோலினாவின் சம்பளப் பட்டியல் சத்தமில்லாமல் முடித்துவிட்டது. குறையாக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகுட்டிகளோடு பிழைக்க வந்தவர்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பெயர்களும் உருமாறின. போதுவான் போடோயின் ஆனார், மெயின் மாநிலத்தில் ஒரு கல்லூரிக்கு அந்தக் குடும்பத்தின் பெயர். அப்போலோஸ் ரிவுவார் என்ற சிறுவன் பாஸ்டனில் ஒரு பொற்கொல்லரிடம் வேலை பழகினான். அவன் மகன்தான் அமெரிக்கப் புரட்சியின்போது ஆங்கிலேயப் படை வருகிறது என்று இரவில் குதிரையில் விரைந்து எச்சரித்த பால் ரிவியர். பாஸ்டனின் ஃபேன்யுவல் மண்டபத்தைக் கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபேன்யுவல் நியூ ரோஷெலில் பிறந்தவர். 1782இல் பிரிட்டனுடன் சமாதான உடன்பாட்டைப் பேசிய அமெரிக்கர்கள் நால்வரில் ஜான் ஜே, ஹென்றி லாரன்ஸ் இருவரும் ஹியூகெனாட் வம்சம்.

இந்தப் பெருமைப் பட்டியலை வாரிசுகளின் சங்கங்கள் நிறையவே ஒப்பித்துவிட்டன. அதில் அடிக்குறிப்பாகக்கூட வராத ஒன்று உண்டு. ஹென்றி லாரன்ஸின் நிறுவனம் 1750களில் சார்ல்ஸ்டனில் 8,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை விற்றது. ஃபேன்யுவலின் பணத்திலும் அடிமை வணிகத்தின் பங்கு இருந்தது. நியூ பால்ட்ஸின் லூயி துபுவா, ஊரை நிறுவும் முன்பே 1674இல் இரண்டு ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கியிருந்தார்.

இந்த முரண் ஒரே மனிதனின் வாழ்க்கையில் குவிந்து கிடப்பதை ஏலி நோவிடம் பார்க்கலாம். நியூயார்க்கில் குடியேறிய ஹியூகெனாட் வணிகர் அவர். 1692இல் கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கினார். மதம் மாற மறுத்ததால் மார்செயின் துடுப்புக் கப்பலில் சங்கிலியில் கட்டினார்கள். அங்கேயும் சக கைதிகளுக்குப் பிரசங்கம் செய்தார் என்று ஷாத்தோ தீஃப் தீவுச் சிறையில் போட்டார்கள். ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பிறகு விடுதலையாகி நியூயார்க் திரும்பினார். கழுத்தில் சங்கிலி விழுந்தால் எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்த மனிதர் 1704இல் அங்கே கறுப்பின அடிமைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். இரவில், வேலை முடிந்து வந்தவர்களுக்குப் பாடம்.

ஞானஸ்நானம் பெற்றால் அடிமை விடுதலையாகிவிடுவானோ என்று எஜமானர்கள் பயந்து ஆட்களை அனுப்பவில்லை. நோ என்ன செய்தார்? ஞானஸ்நானத்தால் அடிமையின் நிலை மாறாது என்று ஒரு சட்டம் கொண்டுவரும்படி பாடுபட்டார். 1706இல் அந்தச் சட்டம் வந்தது. பள்ளிக்கு ஆட்கள் வந்தார்கள், அடிமைத்தனத்துக்கும் இன்னொரு பூட்டு விழுந்தது. 1712இல் நியூயார்க்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, கலவரக்காரர்களில் அவருடைய மாணவர்கள் மிகச் சிலரே என்றாலும், நகரமே அவர் பள்ளியைத்தான் திட்டியது. அவரை நல்லவர் என்பதா, கண்ணை மூடிக்கொண்டவர் என்பதா? இரண்டும்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பத்தையெல்லாம் நினைவுச் சின்னங்கள் அடித்துத் துடைத்துவிட்டன. 1924இல், வல்லூன்கள் வந்து 300 ஆண்டு ஆனதைக் கொண்டாட அமெரிக்க அரசு ஓர் அரை டாலர் நாணயம் வெளியிட்டது. அதில் இருக்கும் இரண்டு முகங்கள் பிரான்சின் ஹியூகெனாட் தலைவர் கொலிஞியும் ஹாலந்தின் இளவரசர் வில்லியமும். ஒருவர் 1572இல் கொல்லப்பட்டார், மற்றவர் 1584இல். இருவருமே அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. 1624இல் கப்பலில் வந்தவர்களின் முகம் யாருக்கும் தெரியாது என்பதால் தெரிந்த முகத்தைப் போட்டுவிட்டார்கள் போல.

ஜூடித்துக்குத் திரும்புவோம். கரோலினாவில் அவள் முதலில் ஒரு நெசவாளரை மணந்தாள். அவர் இறந்த பிறகு 1699இல் பியர் மனிகோ என்பவரை மணந்தாள். இருவரும் சார்ல்ஸ்டனில் தங்கும் விடுதி நடத்தினார்கள். சாராயமும் காய்ச்சினார்கள். மெல்ல மெல்லக் காசு சேர்ந்தது. 1704இல் மகன் கேப்ரியல் பிறந்தான். 1711இல் ஜூடித் இறந்தாள். கேப்ரியல் மனிகோ வளர்ந்து வணிகராகி, தென் கரோலினாவின் மிகப்பெரிய செல்வந்தர்களில் ஒருவரானார். அடிமையைப் போல மண்ணைக் கொத்தியவளின் மகனுடைய நிலங்களில், கொத்துவதற்கு நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

சார்ல்ஸ்டனில் ஹியூகெனாட் சபை ஒன்று இன்றும் இயங்குகிறது. இப்போதுள்ள கட்டடம் 1845இல் எழுந்தது. அந்தக் காலத்தில் ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து உறுப்பினர்கள் படகில் வருவார்கள். நீர் வற்றும்போது ஆற்றோடு இறங்கி வந்து, ஏறும்போது அதோடு திரும்புவதற்கு வசதியாக, கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான் ஆராதனைக்கு நேரம் குறித்தார்கள். இப்போது ஆராதனை ஆங்கிலத்தில். வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பிரெஞ்சில்.